ஒரு பக்கம் மட்டும் பேசிய மகனுக்கு

மகனே,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அலோர் ஸ்டாரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பாடம் நடத்தும் வாத்தியாருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. இங்கே எனக்குத்தான் நலமில்லை. உன் நிச்சயதார்த்தம் முடிந்து வந்த நாளிலிருந்து என் தலையில் கிளம்பும் புகையைப் பார்த்து, ஜெராய் மலை எரிமலையாகிவிட்டது என்று செமிலிங் சனங்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். முப்பது வருடம் புகைக்கூட்டில் விறகு தள்ளி, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை காட்டிய சக்கரவர்த்தி நான். என்னையே இருமவைக்கும் புகை என்றால் அது எப்படிப்பட்ட புகை என்று பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறதி என்று நினைத்துவிடாதே. தோட்டத்து ஆபீசில் தபால் பிரிக்கும் கிராணி படிக்கட்டும். பெடோங் தபால்காரர் சைக்கிளை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கட்டும். உன் பள்ளிக்கூடத்துக் காவலாளிக்குத் தமிழ் தெரியாவிட்டால் யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். நீ நாற்பது பேர் முன்னால் பேசினாய். நாலாயிரம் பேர் முன்னால் பதில் சொல்வதுதான் எங்கள் அரச வழக்கம்.

என்ன பேசினாய் என்பது உனக்கு மறந்திருக்கும். உன் மாமனார் ஒரு மரியாதைக்காகத்தான் கேட்டார்: "சம்பந்தியம்மா எதுவரைக்கும் படிச்சாங்க தம்பி?" ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கம்மா காதால படிச்ச பண்டிதைலா மாமா. கேசட்டுப் பட்டதாரி" என்றாய். பிறகு அவள் அடையாளக் கார்டு ஆபீசில் பேசியதை அபிநயத்தோடு நடித்துக் காட்டினாய். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முறுக்கு சிதறியது, கோப்பி சிந்தியது. உன் அம்மா தாம்பாளத்தைப் பிடித்தபடி கதவோரம் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தானும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது என் வாயில் இருந்த லட்டு கருங்கல்லாகிப் போனது. இன்னும் அது கரையவில்லை. போகட்டும் என்று மூன்று வாரம் பொறுத்தேன். பொறுமைக்குப் பரிசு என்று ஒன்று இருந்தால் இந்தக் கெடா மாநிலத்திலேயே எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் போன வாரம் நீ அனுப்பிய பதில் அந்தப் பொறுமைக்கும் கொள்ளி வைத்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் குற்றம். உன் அம்மாவிடம் இருப்பது சிவப்புக் கார்டு. என்னிடமும் உன்னிடமும் இருப்பது நீலம். நீலக் கார்டுக்காரன் குடிமகன், சிவப்புக் கார்டுக்காரர் விருந்தாளி. வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒருமுறை மறுத்துவிட்டால் வேலையும் இல்லை, லயத்து வீடும் இல்லை. எதிர் வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதை நீ உன் கண்ணாலேயே பார்த்தாய். உன் அம்மா யான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஆனால் அவள் பிறந்ததற்கு ஜெராய் மலையைத் தவிர வேறு சாட்சி இல்லை, மலை கையெழுத்துப் போடாது. இதை நீ அறிவாய். அவளுக்கு ஏன் நீலக் கார்டு இல்லை என்பதை மட்டும் நான் உன்னிடம் சொன்னதில்லை. சுதந்திரம் வந்த புதிதில் தோட்டத்து ஆபீஸ் வாசலிலேயே மேசை போட்டுப் பேர் பதிந்தார்கள். நான் வரிசையில் முதல் ஆள். "நானும் வரட்டுங்களா?" என்று அவள் கேட்டாள். "நீ என்ன நாடாளப் போறியா? சாயந்தரம் கூட்டாளிங்க வராங்க, கோழிய அடிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் குடிமகன் ஆன கொண்டாட்டத்துக்கு அவள் கோழிக்கறி ஆக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மேசையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கறி அருமையாக இருந்தது. உலகத்தில் எவனும் தன் மனைவியின் நாட்டையே பிசைந்து தின்றிருக்க மாட்டான். நான் தின்றேன், இரண்டு முறை கேட்டு வாங்கியும் தின்றேன்.

அதனால் என் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதியை நீ வாங்கிக்கொள், பாரமாகத்தான் இருக்கும்.

நீ பயிற்சிக் கல்லூரியிலிருந்து கேசட் ரிக்கார்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த காலம் நினைவிருக்கிறதா? அப்போதுதான் பெடோங் கடையில் கதை வாசிக்கும் கேசட்டுகள் வாடகைக்கு வரத் தொடங்கின. உன் அம்மா வேலை செய்யும் கொட்டகையில் பெண்கள் விளக்கு மேசையில் ஷீட்டை விரித்து, அழுக்கும் குமிழியும் உள்ள இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த காதுகளுக்குள் கதை புகுந்தது. பிறகு தோட்டம் தோட்டமாக இல்லை. ராஜகுமாரி கிணற்றில் விழுந்த அன்று பதினோரு பெண்களும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அழுத அழுகையில் செமிலிங் ஆற்றில் வெள்ளம். மறுநாள் அவள் பிழைத்தாளா என்று தெரிந்துகொள்ள நூற்றைம்பது டிகிரி காய்ச்சலோடு ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். துரை முதலில் மெஷினைத் தூக்கி எறியச் சொன்னார். பிறகு கொட்டகையில் சண்டை நின்றுவிட்டதைப் பார்த்து, தானும் வாசலில் நின்று ஒன்றும் புரியாமலே கேட்டுவிட்டுப் போனார். ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்திராத முனியம்மா அக்கா, "அந்த மந்திரி பேச்சே சரியில்ல, மூணாவது கேசட்டுல காட்டிக் குடுப்பான் பாரு" என்று சொல்லும் அளவுக்கு விமர்சகி ஆனார். சொன்னபடியே அவன் காட்டிக் கொடுத்தான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை, அதை மறுக்க மாட்டேன். நீலக் கார்டுக்கு மனுப் போட்டால் அதிகாரி மலாயில் கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். "அம்மாவுக்குக் கேள்வி பதிலெல்லாம் கேசட்டுல பேசித் தரேன்பா, வேலை பார்த்துக்கிட்டே படிக்கட்டும்" என்றாய். நான் உன்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றாத குறை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாய். கொடியில் எத்தனை கோடு, மாநிலம் எத்தனை, கெடாவின் தலைநகரம் எது. ஆனால் அதில் முதலில் தமிழில் என்ன சொல்லி வைத்தாய் தெரியுமா? "அம்மா, மீன்காரன்கிட்ட பேசுற பாசார் மலாய் அங்க பேசிறாத, அசிங்கமா இருக்கும். நான் சொல்றத மட்டும், சொல்ற மாதிரியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத." அதற்குப் பிறகு முதல் பக்கம் தீர்ந்த இடத்தில் மலாயிலேயே விளையாட்டாக, "ஹாபிஸ். தோலோங் பாலேக் காசெட். மாக், ஜாஙான் தீடோர்" என்றாய். முடிந்தது, கேசட்டைத் திருப்புங்கள், அம்மா தூங்காதே. "அம்மாவோட சொந்த விஷயமெல்லாம் ரெண்டாவது பக்கத்துல இருக்கு" என்று எங்களிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

உன் அம்மாவுக்குக் காதால் படிப்பது நீ கற்றுக்கொடுத்த வித்தை இல்லை. எட்டு வயதில் புதுநன்மை வாங்க, மாதா கோயிலில் ஞானோபதேசத்தை முழுக்கக் காதால் கேட்டே பாடம் பண்ணினவள் அவள். உபதேசியார் முதல் கேள்வி கேட்டால் முதல் பதில், இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் பதில். வரிசை தப்பினால் கடைசி பெஞ்சு. உன் கேசட்டையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் உன் இருமல்கூட அவளுக்குப் பாடமாகிவிட்டது.

கார்டு ஆபீசில் என்னைக் கதவோரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதிகாரி தங்கமான மனிதர், தாய்க்கு முன்னால் மகன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கஷ்டமான கேள்வி எதையும் கேட்கவில்லை. "மாச்சிக், அனாக் பெராப்பா ஓராங்?" என்று, பிள்ளைகள் எத்தனை பேர் என்றுதான் தொடங்கினார். உன் அம்மா கைகட்டி நின்று, "எம்பாட் பெலாஸ்" என்றாள். பதினாலு. கொடியில் உள்ள கோடுகள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, பதினாலு பேரா என்று திரும்பக் கேட்டார். "தீகா பெலாஸ்" என்றாள். பதின்மூன்று மாநிலம். ஒரு பிள்ளை தவறிவிட்டது போலிருக்கிறது என்று அவர் முகம் வாடிவிட்டது. சரி என்று புருஷன் பெயரைக் கேட்டார். "அலோர் ஸ்டார்" என்றாள். கெடாவின் தலைநகரம். கடைசியில், தடுக்கத் தடுக்க நிற்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்து, அரசாங்க அதிகாரியைப் பார்த்து, முடிந்தது, கேசட்டைத் திருப்புங்கள், அம்மா தூங்காதே என்று கட்டளையிட்டாள். அவர் சிரிப்பை அடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு நாள் கூப்பிடுகிறோம், பயப்படாமல் பேச வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

முப்பது வருடமாக மீன்காரர் பாக் மாட்டோடு மல்லுக்கட்டி கெம்போங் மீன் வாங்குகிறவளுக்குப் பிள்ளை எத்தனை என்ற கேள்வி புரியாமலா இருந்தது? புரிந்தது. பதில் நாக்கு நுனி வரை வந்தது. கூட்டாதே, குறைக்காதே என்று மகன் சொல்லியிருக்கிறானே என்று அதை விழுங்கிவிட்டாள். படித்த பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது என்று தன் வாயைத் தானே கட்டிக்கொண்டாள்.

இதை முதலில் கேலிக்கூத்தாக்கியவன் யார் தெரியுமா? நான்தான். சுங்கை பட்டாணியிலிருந்து பெடோங் வரை பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் இரண்டு முறை பிரேக் போட்டார். உனக்குப் போன் போட்டு, எச்சில் தெறிக்க இந்தக் கதையைச் சொன்னவனும் நானே. என் கையிலிருந்து வாங்கிய கத்தியைத்தான் நீ அலோர் ஸ்டாரில் வீசினாய். அதனால்தான் சொல்கிறேன், பாதி எனக்கு.

மீதிப் பாதிக்கு வா. மறுபக்கத்தில் நீ என்ன பேசினாய்? ஒன்றுமே இல்லை. பூப்பந்து விளையாடக் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாய். எங்களிடம் மட்டும் இருக்கிறது என்று சொன்னாய். நேர்காணலுக்கு முன்னால் ஒரு நாள் ஷீட்டுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். மெஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது. உஸ்ஸ் என்று இரைச்சல், வேறு சத்தம் இல்லை. பதினோரு பெண்களும் கத்தரிச் சத்தம்கூடக் கேட்காமல் மெல்ல வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். "என்னாக்கா, கதை முடிஞ்சிருச்சா?" என்றேன்.

முனியம்மா அக்கா உதட்டில் விரலை வைத்தார். "ஸ்ஸ். சத்தம் போடாதீங்கண்ணே. உங்க மவன் பேசப் போறாரு. கொஞ்சம் லேட்டாவுது."

"எவ்ளோ நேரமாக்கா?"

"நாலு நாளா."

உன் அம்மா தலையைத் தூக்காமல், "அவன் உள்ள ரூம்ல புத்தகம் தேடிக்கிட்டு இருப்பான். வருவான்" என்றாள். நீ அந்த நாடாவுக்குள்ளேயே இருப்பது போல. ராஜகுமாரிக்காக அழுத அத்தனை பேரும், கதை கேட்கும் நேரத்தை உன் அம்மாவுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, உன் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் காலி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் மகன் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் என்று பதினோரு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஷீட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். புகை சக்கரவர்த்திக்கு அவ்வளவுதான் வீரம். அதிகாரி கேட்ட பிள்ளைக் கணக்கும் புருஷன் பெயரும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தம் முடிந்து பஸ்ஸில் வரும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தட்டி, "விடுங்க. பிள்ள சிரிக்கிறான்னா நல்லா இருக்கான்னுதானே" என்றாள். குரூன் தாண்டியதும், "ரெண்டாவது பக்கம் எப்பப் பேசித் தரான்னு கேட்டீங்களா? மறுபடியும் கூப்புட்டு லெட்டர் வந்திருச்சில்ல" என்றாள். அதற்காகத்தான் உனக்கு எழுதினேன். உன் பதில் இதோ என் முன்னால் கிடக்கிறது: "கேசட்டெல்லாம் வேண்டாம் அப்பா. காதால் கேட்பது படிப்பாகாது. அம்மாவை முதியோர் வகுப்பில் சேர்த்து முறையாக எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்குக் கல்யாண வேலை இருக்கிறது." பலே. நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எழுத்துக்கூட்டுவதாம். நீ வயிற்றிலிருந்து வரும்போதே புத்தகத்தோடு வந்தாயா? உனக்கு வாய்ப்பாடு எப்படி வந்தது? மாவாட்டிக்கொண்டே உன் அம்மா பாட, நீ உரலைச் சுற்றி ஓடிக்கொண்டே கேட்டாய். காதில் ஏறியதெல்லாம் படிப்பில்லை என்றால் உன் தலையில் இருப்பதில் முக்கால்வாசியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ, எஞ்சியதைத் தீப்பெட்டியில் போட்டுவிடலாம்.

உன் கடிதம் வந்த மறுநாள் புதன்கிழமை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்து வெயில் ஏறும் நேரத்தில் லயத்து வாசலில் ஒரு பெண் நிற்கிறது. பிலோமினா. உன் வருங்கால மனைவி. துணிக்கடைக்கு விடுமுறையாம், அலோர் ஸ்டாரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு ரிக்கார்டரோடு வந்திருக்கிறாள். கேசட் வேண்டாம் என்று எனக்கு எழுதியதை நீயே அவளிடம் சொன்னாயாம். நாற்பது பேர் சிரித்த இடத்தில் என்னைத் தவிர சிரிக்காத ஒரே ஆள் அவள்தான் என்பதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாளா என்று கேட்டேன். "அவரு வேணாம்னுதான் சொல்வாரு மாமா. அப்புறம் நான் எதுக்கு கேக்கணும்" என்றாள். அந்த நேரத்தில் பாக் மாட் மோட்டார் சைக்கிள் ஹார்னை அடித்துக்கொண்டு வர, உன் அம்மா கூடையோடு ஓடி, இந்த மீனுக்குக் கண் சிவந்திருக்கிறது, உன் கண்ணைவிட மோசம் என்று மலாயில் வாரினாள். பிலோமினா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அத்தை, இப்ப பேசினீங்களே, இதேதான். இதையே பேசுங்க போதும்."

"அசிங்கமா இருக்கும்னு பிள்ள சொன்னானேம்மா."

"கடைக்கு வர்ற மலாய்க்காரங்ககிட்ட நான் இப்படித்தான் அத்தை பேசுறேன். ஒருத்தரும் ஓடிப் போகல."

பிறகு அவள் செய்ததைக் கேள். கேள்விகளைத் தானும் பேசவில்லை. பாக் மாட்டை மீன் பெட்டி மேலேயே உட்காரவைத்து மைக்கை நீட்டினாள். அவர் தொண்டையைச் செருமி, எங்கே பிறந்தீர்கள், பிள்ளை எத்தனை, புருஷன் என்ன வேலை, இங்கே எத்தனை வருடம் என்று நீதிபதி மாதிரி கேட்டார். நடுவில் பழக்கதோஷத்தில், இறால் வேண்டுமா என்றும் கேட்டுவிட்டார். அதை அழிக்க வேண்டாம் என்றாள் பிலோமினா. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால், அம்மா தன் வாயால் பதில் சொல்வதற்கு இடம் விட்டாள். நான்கு விதமாக, வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கேட்க வைத்தாள். அது உன் கேசட்டின் மறுபக்கம்தான். அவ்வளவு நாள் இரைந்துகொண்டிருந்த பக்கம்.

இப்போது கொட்டகையில் கதை கேசட் ஓய்ந்துவிட்டது. பாக் மாட் கேட்கிறார், பதினோரு பெண்களும் பதில் சொல்கிறார்கள். அதில் இன்னும் நான்கு பேருக்குச் சிவப்புக் கார்டு என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். நான்கு பேரும் மனுப் போட்டுவிட்டார்கள். "இறால் வேணுமான்னு ஆபீசர் கேட்டா என்னாண்ணே சொல்றது?" என்று முனியம்மா அக்கா என்னைக் கேட்கிறார். உன் அம்மா பதில் சொல்லும் சத்தம் புகைக்கூடு வரை வருகிறது. முப்பது வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவள் பயப்படுகிறாள். நேற்றுச் சோறு போடும்போது, "இந்த தடவையும் ஆகலன்னா பெர்மிட்டு குடுக்க மாட்டாங்களாங்க? பேரப்பிள்ள பாக்குறதுக்கு முன்னாடி அனுப்பிருவாங்களா?" என்று கேட்டாள். நான் ஏதோ பெரிதாக அளந்தேன். அவள் நம்பவில்லை.

ஆகவே அரச கட்டளை. வரும் வியாழக்கிழமை அவளுக்கு நேர்காணல், காலை எட்டு மணிக்கு நீ சுங்கை பட்டாணி கார்டு ஆபீஸ் வாசலில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் விடுமுறை கேள், கிடைக்காவிட்டால் காய்ச்சல் வரவழைத்துக்கொள். வராமல் போனால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் மூன்றாவது கல்யாண ஓலையை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லும்போது நான் எழுந்து நிற்பேன். மாப்பிள்ளை எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர், பெண்ணை எச்சரியுங்கள் என்று பலிபீடம் அதிரச் சொல்வேன். நான் மிகைப்படுத்துகிறவன்தான். ஆனால் இது மிகை இல்லை.

வந்தால் கதவோரத்து நாற்காலியில் நீ உட்கார், நான் வெளியே நிற்கிறேன். உள்ளே அவள் பேசுவாள். இலக்கணம் தப்பும், மீன் வாடை அடிக்கும். திருத்தாதே. முகம் சுளிக்காதே. எடுத்துக் கொடுக்காதே. கார்டு கிடைத்ததோ இல்லையோ, வெளியே வந்ததும் அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் சொல்லத் தொடங்குவாள். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

உன் அப்பா